இரண்டு விரல் தாழ்ந்த கார்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. எண்ணூர் சாலையில் தினமும் கார் ஓட்டுகிற ஒருத்தி தனக்குப் பயமே இல்லை என்றால், அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம், இல்லாவிட்டால் புளுகுகிறாள்.

என் வேலை அத்திப்பட்டுப் பக்கம், நிலக்கரி மாதிரிகளைப் பொடித்துச் சோதிக்கிற சின்ன லேபில். வீடு திருவொற்றியூரில். காலை ஷிஃப்டுக்கு பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று பழைய கார் ஒன்று வாங்கினோம். அகலம் குறைவு, உயரம் அதிகம். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். கன்டெய்னர் பெட்டியைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விடுவதும், காலிப் பெட்டியை வெளியே இழுத்து வருவதும் அவர் பிழைப்பு. ஆக, ஒரே சாலையில் புருஷன் நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவார், பெண்டாட்டி பக்கத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு வண்டியில் உருட்டிக்கொண்டு போவாள். முதலில் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அந்தக் காருக்கு ஒரு கெட்ட குணம். பெரிய வண்டி பக்கத்தில் வேகமாகப் போனால் காற்று பிடித்துத் தள்ளும், கார் தொட்டில் மாதிரி ஆடும். முகத்துவாரத்துப் பாலத்தில் கடல் காற்று குறுக்கே அடிக்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சையும் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு டேங்கர் லாரி என்னைத் தாண்டும்போது கார் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்ப வந்து, மறுபக்கம் சாய்ந்தது. கூட வந்த லேப் பெண்கள் இரண்டு பேரும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். டேங்கரின் பின்சக்கரம் என் கண்ணாடி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தம்பியிடம் சொன்னேன். அவன் காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு, பிறகு தண்டையார்பேட்டையில் கார் பட்டறைக்கு மாறியவன். அவன் உடனே, ஸ்பிரிங் மாத்திடலாம் என்றான். கம்பெனி ஸ்பிரிங் உயரம், அதனால்தான் ஆடுகிறது, கொஞ்சம் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வண்டி ரோட்டைக் கவ்விக்கொள்ளும் என்றான். அதிலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை இருக்கிறதாம். அடியில் மரை போட்ட ஒரு வளையம், அதைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், மழைக்காலத்தில் தூக்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. டிரெய்லர் கேபின் மாடி மாதிரி, அங்கிருந்து பார்த்தால் சின்ன வண்டி ஏற்கெனவே கால்வாசிதான் தெரியும், அதையும் இறக்கினால் என்னத்துக்கு ஆவது என்றார். இளவட்டப் பையன்கள் செய்கிற வேலை என்று வேறு கிண்டல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ மேலே உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிவைக்கிறாய், கீழே ஆடுகிறவளுக்குத்தானே தெரியும் என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் அவர் பொதுவாகவே டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மாற்றினான். வண்டி இரண்டு விரல் அளவுக்குத் தாழ்ந்தது. வளையத்து மரையில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறக்கூடாது என்று, படகில் தடவுகிற கெட்டி கிரீஸை அள்ளி அப்பினான். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இரும்பைக் கண்டால் கை தானாகவே கிரீஸ் டப்பாவுக்குப் போய்விடும். எங்கள் அப்பா எங்கள் தையல் மெஷினுக்குக்கூட அதைத்தான் தடவுவார்.

மறுநாள் பாலத்தில் ஏறினேன். காற்று அடித்தது, கார் அசையவில்லை. ஒரு டிரெய்லர் தாண்டியது, கார் லேசாகச் சிலிர்த்துவிட்டு நேரே போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண், இன்னாக்கா வண்டி இப்டி அம்சமா போவுது என்றாள். அந்த இரண்டு மூன்று வாரம் நான் வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் வேலைக்குப் போய் வந்தேன். பள்ளத்தில் விழுந்தால் முதுகு விண்ணென்று தெறிக்கும். தெறித்தால் தெறிக்கட்டும் என்று இருந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் இனி நடந்தது புரியும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் சாலையின் இடதுபக்கம் வரிசையில் நிற்கும். லைன் என்போம். சில நாள் ஒரு மணி நேரத்தில் நகர்ந்துவிடும், சில நாள் காலையில் நின்றது சாயங்காலம் வரைக்கும் நிற்கும். வண்டியை விட்டுப் போக முடியாது. ஒரு கார் நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டாலும் பக்கத்திலிருந்து இன்னொரு டிரெய்லர் மூக்கை நுழைத்துவிடும். அதனால் டிரைவர்கள் கேபினிலேயே படுத்துக் கிடப்பார்கள், பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால் எழுந்து வண்டியை நகர்த்துவார்கள். சாப்பாடு வீட்டிலிருந்து வரும். பைக்கில் வருகிற மகன், ஷேர் ஆட்டோவில் வருகிற மனைவி, இப்படி. நான் ஷிஃப்ட் முடிந்து அதே பக்கமாகத் திரும்புகிறவள், அதனால் அவர் டப்பாவும் காலையிலிருந்து என் காரிலேயே இருக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். வலதுபக்கம் நிறுத்தினால் பறக்கிற வண்டிகள் நம்மை அள்ளிக்கொண்டு போய்விடும். இடதுபக்கம் மண்ணும் சாக்கடையும். டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தினால் அடுத்த டிரெய்லர் காலடியில் நிற்க வேண்டும், அவன் யாரோ எவனோ. இதற்கு அவரே ஒரு வழி சொல்லியிருந்தார்.

"என் மூஞ்சிக்கு முன்னாடி வந்து நில்லு. என்னாண்ட நின்னா உன்ன எவனும் இடிக்க மாட்டான்."

அப்படித்தான் செய்தோம். அவரைத் தாண்டிப் போய், இடதுபக்கம் ஒடித்து, அவருக்கும் முன்னால் நிற்கிற டிரெய்லருக்கும் நடுவில் காரைச் செருகுவேன். இரண்டு முறை ஹாரன் கொடுப்பேன். அவர் இறங்கி வருவார். டப்பாவைக் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முன்னால் லைன் நகர்வதற்குள் வெளியே எடுத்துவிடுவேன். பல வருஷமாக இது நடந்தது. லைனில் நின்ற எத்தனையோ பேர் இப்படித்தான் சாப்பிட்டார்கள்.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஒருநாள் டப்பாவை வாங்கிக்கொண்டே அவர் என் காரையும் தன் கேபினையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பெல்லாம் நான் வந்து நின்றால் கண்ணாடிக்குக் கீழே கார் கூரை ஓர் ஓரமாகத் தெரியுமாம், இப்போது அதுவும் தெரியவில்லையாம். கேபினில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டினார். முன்னால் நிற்கிற டிரெய்லரின் பின்கதவு தெரிந்தது, அதற்கும் எங்களுக்கும் நடுவில் வெறும் தார் ரோடு தெரிந்தது. என் கார் இல்லை. எட்டிப் பார்த்தும் இல்லை. கீழே இறங்கிப் பார்த்தால், பம்பருக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. தம்பியிடம் சொல்லி ஏற்றிவிடு என்று மட்டும் சொன்னார். அதுதானே வசதி, திருகினால் ஏறிவிடுமே என்று நானும் நினைத்தேன்.

தம்பி வந்து ஜாக்கி வைத்துத் தூக்கி வளையத்தில் ஸ்பானரைப் போட்டான். வளையம் அசையவில்லை. கையால் துடைத்துப் பார்த்தால் கிரீஸ் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. எங்கள் பக்கத்துக் காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்துதான் வரும். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை உதறினால் தெரியும். அந்தச் சாம்பலும் கடல் உப்பும் கிரீஸில் ஒட்டி, சிமென்ட் பூசினது மாதிரி இறுகிவிட்டிருந்தது. கிரீஸே போடாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு பிடித்திருக்காது. படகில் சாம்பல் விழுவதில்லை, இவன் அதை யோசிக்கவில்லை. சுத்தியலால் தட்டினான், மண்ணெண்ணெய் ஊற்றினான். கடைசியில் பட்டறைக்குக் கொண்டுவா, கழற்றி நெருப்புக் காட்டித்தான் எடுக்கணும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்றான்.

ஞாயிறு வருவதற்கு நடுவில் வேலை நாட்கள் இருந்தன. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அவர் லைனில் நிற்கிறார், சாப்பாடு போக வேண்டும், மாதக் கடைசி, லேபில் மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன. கவனமாகப் போனால் போயிற்று என்று எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் கார் ஆடவில்லை என்றாலும் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் எந்த டிரெய்லர் வந்தாலும் அதன் கேபினை அண்ணாந்து பார்ப்பேன். அங்கே உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு நான் இருக்கிறேனா, வெறும் ரோடாகத் தெரிகிறேனா என்றே யோசனை ஓடும். ஹாரனை அடித்துக்கொண்டே போவேன்.

அந்த நாள் கூட வந்த பெண்கள் எர்ணாவூரில் இறங்கிவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் அவர் வண்டி லைனில் நின்றது. தாண்டும்போது அண்ணாந்து பார்த்தேன், கேபினில் தலை தெரியவில்லை. படுத்திருக்கிறார் என்று புரிந்தது. படுத்திருக்கிறவர் வண்டியை எடுக்கப் போவதில்லை, ஹாரன் கொடுத்தால் இறங்கி வருவார் என்று வழக்கம்போல முன்னால் போய் இடது பக்கம் ஒடித்து நடுவில் செருகினேன். செருகும்போதே அடியில் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. லைன் நிற்கிற பக்கத்தில் பாரம் ஏறி ஏறித் தார் அமுங்கி, சக்கரம் போகிற இடம் இரண்டும் வாய்க்காலாகவும், நடுவில் வரப்பு மாதிரி மேடாகவும் இருக்கும். பழைய உயரத்தில் அதன் மேல் சுலபமாகப் போய்விடுவேன். அன்றைக்கு வண்டியின் வயிறு வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. வாய்க்காலில் முந்தின நாள் மழைச் சேறு. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், முன்சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. ரிவர்ஸ் போட்டேன், அப்போதும் நகரவில்லை.

சரி, அவர் இறங்கி வந்து தள்ளுவார், டப்பாவையும் வாங்கிக்கொள்வார் என்று இரண்டு முறை ஹாரன் கொடுத்தேன். அதே நேரம் முன்னால் நின்ற டிரெய்லர் உறுமிக்கொண்டு கிளம்பியது. லைன் நகர ஆரம்பித்துவிட்டது. உடனே பின்னால் நிற்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. தூங்குகிறவனை எழுப்புகிற ஹாரன். என்னுடையதும் அதில் ஒன்றாகப் போய்விட்டது.

எனக்குப் பின்னால், தலைக்கு மேலே, ஏர் பிரேக் விடுகிற உஸ்ஸென்ற சத்தம் கேட்டது. எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், வண்டியை எடுக்கப் போகிறார். முன்னால் இடைவெளி விழுந்துவிட்டது, வேறு எவனாவது நுழைவதற்குள் மூடியாக வேண்டும். அவர் பார்க்கிற இடத்தில் காலி ரோடுதான் இருக்கிறது.

ஹாரன் மேலேயே கையை வைத்து அழுத்தினேன். வலதுபக்கக் கதவைத் திறக்கப் போனேன், ஒரு லாரி கதவை உரசுகிற மாதிரி போனது. இடதுபக்கமாகத் தாவலாம் என்று பார்த்தால் சீட் பெல்ட் இழுத்துப் பிடித்தது. அதை எப்படிக் கழற்றுவது என்றே எனக்கு மறந்துபோனது. சத்தியமாக மறந்துபோனது. பின்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் வானம் இல்லை, ரோடு இல்லை, பம்பர் மட்டும்தான் இருந்தது. அந்த பம்பரில் நான் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்தது.

டிக்கி நசுங்குகிற சத்தம் பெரிதாக எல்லாம் இல்லை. தகர டப்பாவை மிதிக்கிற மாதிரிதான். கார் அடியில் அரைத்துக்கொண்டே ஒரு முழம் முன்னால் போனது. சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து ரசம் என் காலில் கொட்டியது. என் சீட் என்னை முதுகில் தள்ளியது. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு நின்றது. பம்பர் அப்படியே இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் தள்ளுவது நின்றது. பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். எப்படியோ பார்த்துவிட்டார், என் சாமி, பார்த்துவிட்டார்.

அப்போது என் போன் அடித்தது. அவர்தான்.

"எங்கமே கீற? லைன் நவுந்துகினு கீது. இன்னும் கொஞ்சம் முன்னாடி போய் நிக்கிறேன், பஸ் ஸ்டாப்பாண்ட வந்துடு."

போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்கண்ணாடியில் பம்பரையே பார்த்தேன். அவர் ஹலோ, ஹலோ என்கிறார். அந்தக் குரல் போனிலும் கேட்கிறது, பின்னால் மேலேயிருந்தும் லேசாகக் கேட்கிறது.

"இன்ஜின ஆஃப் பண்ணு," என்றேன். "உன் முன்னாடிதான் கீறேன்."

"என் முன்னாடியா? என் முன்னாடி யாரும் இல்லியே."

"ஆஃப் பண்ணுயா."

இன்ஜின் நின்றது. கதவு திறக்கிற சத்தம், படியில் கால் வைக்கிற சத்தம். அவர் சாதாரணமாகத்தான் நடந்து வந்தார். முன்பக்கம் திரும்பினதும் நின்றார். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அவர் மூச்சு விடுவது என் போனில் கேட்டது.

பின்னால் நின்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஓடி வந்து, பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரோ பெல்ட்டைக் கழற்றி என்னை இடதுபக்கமாக இறக்கினார்கள். நாலைந்து பேர் சேர்ந்து காரைத் தூக்கி மண் ஓரத்தில் வைத்தார்கள். என்னவர் அதில் கை கொடுக்கவில்லை. அவர் தன் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, காலில்தான் ரசம் கொட்டிவிட்டது என்றேன். அவர் என் காலைத் தன் லுங்கி நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வண்டியை அன்றைக்கு வேறொரு டிரைவர்தான் லைனில் நகர்த்திக்கொண்டு போனார்.

தம்பி நெருப்புக் காட்டி வளையத்தை எடுத்து, பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டான். டிக்கியைத் தட்டிச் சரிசெய்தார்கள். கார் பாலத்தில் மறுபடியும் ஆடுகிறது, நான் மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். சாப்பாட்டை நான் கொண்டுபோவதில்லை, அவர் வேண்டாம் என்றுவிட்டார், கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்.

அவர் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனார், போகாமல் முடியுமா. ஆனால் அன்றையிலிருந்து ஒரு பழக்கம். லைனில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் எனக்கு போன் செய்வார். எத்தனை தடவை நகர்ந்தாலும் அத்தனை தடவையும். நான் லேபில் இருப்பேன், அடுப்படியில் இருப்பேன், வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்துக்கொண்டிருப்பேன். எங்க கீற என்பார், நான் சொல்வேன், வைத்துவிடுவார். லேப் பெண்களுக்கு இது சிரிப்பு. புருஷனுக்கு உன் மேல் எவ்வளவு ஆசை பாருக்கா என்பார்கள். நானும் சிரித்துவிட்டு மாதிரியைப் பொடிக்கப் போய்விடுவேன்.

போன மாதம் ஒருநாள் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கரிக்கையைக் கழுவப் போய்விட்டேன். அங்கே பெண்களோடு பேச்சில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு முன்னால் அவர் அடித்து நான் எடுக்காமல் விட்ட அழைப்புகள் வரிசையாக இருக்கின்றன. எடுத்தேன். அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. யாரோ கதவைத் தட்டிக் கெட்ட வார்த்தையில் திட்டுவது கேட்டது. லைன் நகர்ந்து எவ்வளவு நேரமாயிற்றோ, அவர் வண்டியை எடுக்காமலே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"முன்னாடி இல்ல தானே?" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"இல்லயா," என்றேன். "லேப்லதான் கீறேன். நீ வண்டிய எடு."